ரேஷன் கார்டில் பெயர் இல்லாத அண்டை வீட்டார்



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பாடம் நடத்துகிற பழக்கம் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்றும் அது போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஆறு வயதுப் பையன் ஒருவனை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்த காயம். உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசி எல்லாம் போட்டாயிற்று, பையன் நன்றாக இருக்கிறான். அன்று சாயங்காலமே தெருவில் கூட்டம் கூடிவிட்டது. எல்லா நாய்களையும் பிடித்துக்கொண்டு போய்க் கண்காணாத இடத்தில் விட வேண்டும் என்று ஒரு மனு எழுதினார்கள்.

“சார், நீங்க முதல் கையெழுத்துப் போடுங்க. அதைப் பாத்து மத்தவங்க போடுவாங்க” என்று பேனாவை நீட்டினார் எதிர்வீட்டுத் தம்பி. என்னிடம் படித்தவர்தான்.

பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டேன்: “நம்ம தெருவுல மொத்தம் எத்தனை நாய்ப்பா?”

ஒருவர் இருபது என்றார். ஒருவர் முப்பது. பின்னாலிருந்து ஒரு குரல், “அம்பது இருக்கும் சார்.” “கடிச்சது எது?” என்று கேட்டேன். அதற்கும் ஆளுக்கொரு பதில். பதினைந்து நாள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டேன். வரலாற்று வாத்தியார் ஆயிற்றே, ஆதாரம் இல்லாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஒரு நோட்டும் பென்சிலுமாகத் திண்ணையில் உட்கார்ந்தேன். இந்தத் தெருவில்தான் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் தெரியும். வாசலில் படுத்திருக்கிற நாயைப் பற்றியும் கொல்லை முருங்கையில் உட்கார்ந்திருக்கிற குருவியைப் பற்றியும் ஒன்றுமே தெரியாது என்று அந்தப் பதினைந்து நாளில்தான் தெரிந்துகொண்டேன்.

மொத்தம் பதினொரு நாய்கள். ஐம்பதும் இல்லை, இருபதும் இல்லை. தெருவின் கீழ்க்கோடியில் ஐந்து, மேற்கோடியில் ஆறு. நடுவில் இருக்கிற அடிபம்புதான் இரண்டு கூட்டத்துக்கும் எல்லை. அதைத் தாண்டினால்தான் ராத்திரியில் அந்த ஊளையும் சண்டையும். கடித்தது செவலை என்கிற பெட்டை நாய். மதகுக்கு அடியில் நான்கு குட்டி போட்டிருந்தது. பையன் பந்து எடுக்கக் குனிந்து உள்ளே கை விட்டிருக்கிறான். தாய் என்ன செய்யும்?

பறவைகளில் பதினேழு வகை எழுதினேன். காகம், மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து, வால்காக்கை, கொண்டலாத்தி, தேன்சிட்டு, புள்ளி ஆந்தை என்று வளர்ந்த பட்டியல். தவிட்டுக்குருவிகள் எப்போதும் ஏழெட்டாகத்தான் வரும், பங்காளிகள் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே. பூனை வந்தால் முதலில் அவை கத்தும், பிறகு காகம், அப்புறம் நாய். நமக்குச் சத்தமாகத் தெரிவது அவர்களுக்குள் ஊர்க்காவல். பட்டியலில் எழுத முடியாமல் போனது ஒன்று உண்டு. சிட்டுக்குருவி. அதற்கு நம் பக்கத்துப் பெயர் அடைக்கலக் குருவி. ஓட்டு வீட்டுச் சந்தில் அடைக்கலம் கேட்டு வந்ததால் அந்தப் பெயர். எங்கள் தெருவில் இப்போது ஓட்டு வீடே இரண்டுதான்.

அந்த நாள்களில் பேரன் போனில் கேட்டான்: “தாத்தா, அன்னவாசல்னா அன்னம் இருக்குமா?”

நல்ல கேள்வி. பெயரில் அன்னம் இல்லை. சித்தன்னவாசல் அறிவர் கோயில் கல்வெட்டில் இந்த இடம் அண்ணல்வாயில் என்று வருகிறது. அண்ணல் என்றால் பெரியவர், மேன்மையானவர். சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் பொருத்தமான பெயர். அது மருவி அன்னவாசல் ஆயிற்று. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அந்தக் குடைவரையைப் புதுப்பித்தார் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. அவரும் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பெயரில் இல்லாத அன்னம் கோயில் விதானத்தில் இருக்கிறது. சுற்றுலா போனபோது கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்க்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? தாமரைக் குளம். அதில் மீன்கள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மூன்று பேர், நடுநடுவே வாத்தும் அன்னமுமாகப் பறவைகள். தீர்த்தங்கரரின் உபதேசம் கேட்கப் போகும் வழியில் உள்ள குளம் அது என்பார்கள். எனக்கு அதில் பிடித்தது, மனிதன் தனியாக இல்லை என்பதுதான். ஒரே குளத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். வரைந்தவர் எங்கோ இருக்கிற குளத்தைப் பார்த்து வரைந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நம் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றின் கரையில் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தவர்தான் அப்படி வரைய முடியும்.

குளத்தில் இடம் கொடுத்தவர்கள் கல்லிலும் இடம் கொடுத்தார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. முகையூர் மேற்சேரியின் சேவல் என்று வட்டெழுத்தில் எழுதி, சேவலின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இன்னொரு கல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. மாடுபிடிச் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோனான். அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்து, காவலாக நின்றது. அந்த நாயின் பெயர் கோவிவன். வீரனுக்குப் பின்னால் அதையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்த ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். 1,400 ஆண்டுக்கு முந்தைய நாய் ஒன்றின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் வாசலில் படுத்திருக்கிற நாயின் பெயர் தெரியவில்லை.

அன்பு ஒரு பக்கம். கணக்கும் இருந்தது. வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் ஆட்சியரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உத்தரவு எழுதிக் கொடுத்தார். ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன லாபம்? பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம். பறவைக்கு மரம், வயலுக்கு எரு. வனவிலங்குச் சட்டம் எதுவும் வராத காலத்திலேயே ஊர் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், நம் பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டிக்குப் போய்வாருங்கள். திருப்பத்தூருக்குப் பக்கம். கண்மாயில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர். 1977-ல் அந்தக் கண்மாய்கள் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் ஆயின. சட்டம் பிறகு வந்தது, வழக்கம் முன்பே இருந்தது. பிள்ளைகள் வெடி கேட்டு அழாமலா இருந்திருப்பார்கள்? சமாதானம் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

எல்லாம் இனிப்பான கதை என்றும் சொல்ல மாட்டேன். மேற்கே இலுப்பூர் தாண்டினால் விராலிமலை. முருகன் மலையில் மயில்கள் வீட்டுக்கோழி மாதிரி திரியும். 1963-ல் மயில் தேசியப் பறவை ஆயிற்று. கும்பிடுவதற்கு மயில் வேண்டும். அதே மயில் வயலில் இறங்கினால் விவசாயிக்கு வயிறு எரியும். அவரையும் குறை சொல்ல முடியாது. அண்டை வீட்டார் என்றால் உரசலும் சேர்ந்ததுதான்.

பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்த தமிழர் ஒருவர் உண்டு. மா. கிருஷ்ணன், 1912-லிருந்து 1996 வரை வாழ்ந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950-ல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய இயற்கைப் பத்தியை இறக்கும் வரை 46 ஆண்டுகள் விடாமல் எழுதினார். காட்டு யானையை எழுதிய அதே அக்கறையோடு கொல்லைப்புறத்துக் காகத்தையும் எழுதினார். நம் நாட்டு நாய்களின் பெருமையை அன்றே எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 2005-ல் அஞ்சல்துறை இந்திய நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டதே, அதில் ஒன்று நம் ராஜபாளையம்.

இனி கொஞ்சம் கசப்பான பாடம்.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொன்ன பறவையின் நல்ல பெயர் பாறு. செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் எங்கிருந்தோ கூட்டமாக வந்து இறங்கி எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சி நேரத்தில் இரண்டு பறவைகள் வந்து குருக்கள் கையால் பொங்கல் வாங்கித் தின்றதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அவையும் பாறு இனம்தான். 1990-களின் பிற்பகுதியில் அவை வருவது நின்றுபோனது. பாவம் பெருகிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று பேசிக்கொண்டோம்.

அதே காலத்தில் நாடு முழுவதும் பாறுகள் செத்துக்கொண்டிருந்தன. ஒரு வகை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டது. காரணம் 2004-ல்தான் தெரிந்தது. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. அந்த மருந்து உடலில் இருக்கும்போது மாடு இறந்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் வானம் காலியாகிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறுவைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

பாறு போனால் நமக்கென்ன? இங்கேதான் பறவையும் நாயும் ஒரே பாடத்தில் சேர்கின்றன. பாறு தின்ன வேண்டிய இறைச்சி அப்படியே கிடந்தது. அது நாய்களுக்குக் கிடைத்தது. 1992 முதல் 2006 வரை இந்தியாவில் இதனால் மட்டும் குறைந்தது 55 லட்சம் நாய்கள் கூடுதலாகப் பெருகியிருக்கும் என்றும், அந்த நாய்க்கடியால் வெறிநோய் வந்து இறந்தவர்கள் சுமார் 48,000 பேர் இருக்கலாம் என்றும் 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மதிப்பீடுதான், தலை எண்ணியது இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். வானத்தில் ஓர் அண்டை வீட்டான் காலி செய்துகொண்டு போனதை நாம் கவனிக்கவே இல்லை. அதன் விலையைத் தெருவில் கொடுத்தோம்.

வெறிநோய் என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிடுகிறது. இதை நான் வகுப்பில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

1962. நான் நான்காம் வகுப்பு. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை நாய் கடித்தது. எங்கள் இருவருக்கும் ஒன்பது வயது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. தினமும் புதுக்கோட்டைக்குப் போய்வர வேண்டும். அவன் அழுதான், அவனுடைய அப்பாவுக்குக் கூலி போய்விடும் என்ற கவலை. பச்சிலை வைத்துக் கட்டி மந்திரித்துவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது. அவன் பள்ளிக்கூடத்துக்கும் வந்தான், தழும்பைக் காட்டிப் பெருமை பேசினான். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனவன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். ஐந்தாம் நாள் அவன் இல்லை.

பிற்பாடு வரலாறு படிக்கும்போது தெரிந்தது. பிரான்சில் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6-ஆம் தேதி முதன்முதலாக இந்த ஊசியைப் போட்டுக் காப்பாற்றிய ஜோசப் மெய்ஸ்டருக்கும் வயது ஒன்பதுதான். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-லேயே வந்துவிட்டது. மருந்து இருந்தது. அதை எங்கள் தெருவுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எந்தப் பாடம் நடத்தினாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்பேன்: “நாய் கடிச்சா என்னடா செய்யணும்?” நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்துவீர்கள்: “சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவணும் சார்!” காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

அப்படியானால் நாயை எல்லாம் ஒழித்துவிட வேண்டியதுதானே? அதையும் செய்து பார்த்தாயிற்று. சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கும் மேலாகத் தெருநாய்களைக் கொன்றுகொண்டே இருந்தது. கடைசிக் காலத்தில் ஒரு நாளைக்கு 135 வரை கொன்றார்கள் என்கிறது புளூ கிராஸ் அமைப்பு. நாயும் குறையவில்லை, கடியும் நிற்கவில்லை. ஒரு தெருவில் நாயைப் பிடித்தால் அந்தக் குப்பைத்தொட்டிக்கு அடுத்த தெரு நாய் வரும். அது ஊசி போடாத நாய், நம்மை அறியாத நாய். கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே தெருவில் திருப்பி விடுகிற முறையை 1964-லிருந்து வலியுறுத்தியது. 1996-ல் மாநகராட்சி அந்த முறைக்கு மாறியது. 2001-ல் அதுவே நாட்டுக்கான விதி ஆயிற்று, 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் இது பெரிய விவாதமானதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஊசியும் கருத்தடையும் போட்ட நாயை அதன் இடத்திலேயே விடலாம், வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்று ஆகஸ்ட் 22-ல் சொன்னார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களுக்கு நவம்பரில் தனியாகக் கடுமையான உத்தரவு வந்தது.

ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. எங்கள் தெருவுக்கு அந்தக் கணக்குப்படி எட்டு நாய். எட்டே எட்டு. ஐம்பது என்று நினைத்தபோது மலைப்பாக இருந்தது, பதினொன்று என்று எண்ணிய பிறகு செய்யக்கூடிய வேலையாகிவிட்டது.

பதினைந்தாம் நாள் நோட்டோடு கூட்டத்துக்குப் போனேன். இதையெல்லாம் சொன்னேன். கருத்தடையும் தடுப்பூசியும் கேட்டு வேறு மனு எழுதலாம் என்றேன். கடிபட்ட பையனின் தாய் எழுந்து கேட்டார்: “உங்க பேரனைக் கடிச்சிருந்தா இப்படி வரலாறு பேசுவீங்களா சார்?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயம். பிறகு 1962 கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் காலையில் வாசலுக்கு வந்தார். “கருத்தடை பண்ணுனா கடிக்காதா சார்?”

“குறையும்மா. அறவே இருக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். குட்டி இருந்தாத்தானே செவலை கடிச்சுச்சு? குட்டி போடாது. ஊசி போட்டிருந்தா கடிச்சாலும் உயிர்ப்பயம் இருக்காது. அப்பவும் நாம ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வழியில இருக்கறதை முதல்ல பிடிச்சுப் போடச் சொல்லி எழுதுங்க.” அந்த வரியைச் சேர்த்தேன். முதல் கையெழுத்து அவருடையதுதான். இரண்டாவது என்னுடையது.

மனு கொடுத்தாயிற்று. பதிலுக்குக் காத்திருக்கிறோம். அதற்குள் தெருப் பிள்ளைகளும் நானுமாகக் கால்நடை மருத்துவரை வரவழைத்து ஆறு நாய்க்கு ஊசி போட்டுவிட்டோம். இன்னும் இரண்டு பாக்கி. எச்சில் இலையையும் கோழிக்கழிவையும் தெருமுனையில் கொட்டுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல ஆசை. பாதிப் பேர் நிறுத்தியிருக்கிறார்கள். மதகுப் பக்கம் பிள்ளைகள் போகாமல் இருக்கக் குட்டிகள் வளரும் வரை முள் வெட்டிப் போட்டோம். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன், அடைக்கலக் குருவிக்கு. இன்னும் வரவில்லை.

மணி அடித்துவிட்டது. வீட்டுப்பாடம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ எங்கே இருந்தாலும், ஒரு வாரம் உங்கள் தெருவில் உள்ள நாய்களை எண்ணுங்கள். பறவைகளை எழுதுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். குட்டி போட்ட நாயிடமும், தின்கிற நாயிடமும், தூங்குகிற நாயிடமும் போகக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். நாய் கடித்தாலோ பிராண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இப்போது தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி கிடையாது. கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். சொல்லும் தேதியில் ஒரு தவணையும் விடாதீர்கள். காயம் ஆறிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். என் பெஞ்சுக்காரன் அப்படித்தான் போனான்.

எண்ணியதை எனக்கு எழுதுங்கள். எங்கள் தெருக் கணக்கு: நாய் 11, குட்டி 4, பறவை 17 வகை. உங்களுடையது எத்தனை?

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
அன்னவாசல்.